பத்துக்குப் பத்து அறையில் பாட்டும் கிட்டாரும்: எந்த மைக் வாங்கலாம்?

சோமனூரான்:

அனைவருக்கும் வணக்கம். மாடியில் ஓர் அறை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடி. கான்கிரீட் கூரை, தரையில் வழவழப்பான டைல்ஸ், ஒரு கட்டில், ஓர் இரும்பு பீரோ. இதற்குள் உட்கார்ந்துதான் நானே மெட்டமைத்த பாட்டுகளைக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடிப் பதிவு செய்கிறேன். கைவசம் இருப்பவை சுமாரான யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒன்று, பழைய மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள்.

மூன்று குறைகள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் தள்ளி நிற்கிறது. கிட்டாரில் சில சுரங்கள் மட்டும் 'தொம்' என்று வீங்குகின்றன, மற்றவை மெலிந்து கிடக்கின்றன. மூன்றாவதை என் பெயரில் இருக்கும் விசைத்தறி ஊரைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள்: தெருமுனையில் தறிக்குடோன். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு இரண்டும் ஓடுகிறது.

15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்த மைக் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும்? மாதிரிப் பதிவை இணைத்திருக்கிறேன். திட்டினாலும் வருத்தப்பட மாட்டேன்.

ஈரோட்டுக்குயில்:

ஷூர் எஸ்எம்58 வாங்குங்கள். 1966-இல் வந்த மைக், இன்றும் மேடைக்கு மேடை அதுதான். டைனமிக் மைக் என்பதால் தூரத்துச் சத்தத்தை எடுக்காது. தறிச் சத்தமும் போய்விடும். அதோடு சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிடுங்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது அட்டைக்கா பஞ்சம்?

நொய்யல்கரை:

தம்பி, பணம் அப்படியே இருக்கட்டும். மாதிரியைக் கேட்டேன். சுருதி நிற்கிறது, குரலில் ஈரம் இருக்கிறது, மைக்கிலும் பழுதில்லை. அது உங்கள் அறையை உள்ளது உள்ளபடி காட்டிவிட்டது, அவ்வளவுதான். இதைவிட விலை கூடிய மைக் இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

கோயில் விசேஷத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மைக் செட் போட்டே தலை நரைத்தவன் நான். சில விவரங்கள் வேண்டும். அறையில் எந்த இடத்தில் உட்காருகிறீர்கள்? வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்? மைக் எதன் மேல் நிற்கிறது? மின்விசிறி ஓடுகிறதா? அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள், என்ன கேட்கிறது?

சோமனூரான்:

அறையின் நட்டநடுவில் நாற்காலி. மைக் எதிரே மேசை மேல், மடிக்கணினிக்குப் பக்கத்தில், வாயிலிருந்து இரண்டடி இருக்கும். அப்போதுதான் ஒரே மைக்கில் குரலும் கிட்டாரும் சேர்ந்து விழும் என்று வைத்தேன். மின்விசிறியை நிறுத்திவிடுவேன். கைதட்டினால் தட்டியது நின்ற பிறகு 'டிர்ர்' என்று கம்பியைச் சுண்டியது மாதிரி ஒரு சத்தம் ஓடி அடங்குகிறது.

நொய்யல்கரை:

அந்த 'டிர்ர்' எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி மாறி மாறி மோதுவதால் வருவது. மொட்டைச் சுவர்கள் நேருக்கு நேர் நிற்கும் எந்த அறையிலும் இருக்கும். அதைத் தீர்ப்பது எளிது, பிறகு பார்க்கலாம். முதலில் தூரம்.

வாயிலிருந்து நேராக மைக்குக்குப் போகும் ஒலி, தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். இரண்டடியிலிருந்து அரையடிக்கு வந்தால் இரண்டு முறை பாதியாகிறது, ஆக 12 டெசிபல். அறைச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியோ நீங்கள் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். மைக்கை நகர்த்தியதிலேயே குரலுக்கும் எதிரொலிக்கும் இடையே 12 டெசிபல் வித்தியாசம் கிடைத்துவிட்டது. தறிச் சத்தத்துக்கும் இதே கணக்குதான்: குரல் பலமாக விழுந்தால் மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கலாம், குறைத்தால் தறியும் சேர்ந்து குறையும்.

ஈரோட்டுக்குயில் சொன்ன டைனமிக் மைக் விஷயத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. டைனமிக் மைக்குக்குத் தூரத்துச் சத்தம் எது, பக்கத்துச் சத்தம் எது என்று பிரித்தறியத் தெரியாது. மேடையில் அதை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாடுகிறோம், அதனால்தான் சுத்தமாகக் கேட்கிறது. இரண்டடி தள்ளி வைத்தால் அதுவும் இந்தக் கிணற்றைத்தான் பதிவு செய்யும்.

அடுத்து அந்த 'தொம்'. கிட்டாரில் ஐந்தாவது கம்பியை அழுத்தாமல் மீட்டும்போதுதானே பெரிதாக வீங்குகிறது? மாதிரியில் அப்படித்தான் கேட்டது.

சோமனூரான்:

ஆமாம் அண்ணா, அதே கம்பிதான்! கிட்டாரில் கோளாறு என்று நினைத்துக் கடையில் காட்டலாம் என்று இருந்தேன்.

நொய்யல்கரை:

கடைக்குப் போக வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும் முதல் அலை, 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது: 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு. அடுத்தது அதன் இரட்டிப்பு, 112 ஹெர்ட்ஸ். உங்கள் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸில் சுருதி சேர்ந்திருக்கிறது. பெரிய உடம்புள்ள கிட்டாரின் உள்ளிருக்கும் காற்றும் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் அதிரும். மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

போதாக்குறைக்கு உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று. மூன்று திசையிலும் அதே 112 தான். நீளமும் அகலமும் வேறு வேறாக இருந்திருந்தால் வீக்கம் பல சுரங்களுக்குப் பங்கு பிரிந்திருக்கும்.

இனி முக்கியமான சங்கதி. இந்த 112 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடங்கள் சுவரோரமும் சரியாக நடுமையமும். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நடுமையத்தில்! அது அடங்கும் இடம் சுவரிலிருந்து கால்பங்குத் தூரம், அதாவது இரண்டரை அடி. நாற்காலியையும் மைக்கையும் சேர்த்து நகர்த்தி, மைக் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் இரண்டரை அல்லது மூன்றடி தள்ளி இருக்குமாறு வையுங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டாருக்கு எதிரே வைக்கும் மைக் தரையிலிருந்தும் ஏறக்குறைய அதே இரண்டரை அடி உயரத்தில்தான் வரும், நல்லதாயிற்று. காசு எதுவும் இல்லை. செய்துவிட்டு அந்தக் கம்பியை மட்டும் மீட்டிக் கேளுங்கள்.

காதர்பேட்டை:

முட்டை அட்டைக்கு வருகிறேன். மெல்லிய காகிதக் கூழ் அது. உச்ச சுரங்களைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். ஒலியை உறிஞ்ச நாரும் தடிமனும் வேண்டும். அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு தடிமன் இருந்தால்தான் முழுப் பலன். ஓரங்குல ஸ்பாஞ்சு ஒட்டினால் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும். குரல் மந்தமாகும், வீக்கம் அப்படியே இருக்கும். காசு கொடுத்து அறையைக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

எங்கள் திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. பருத்தித் துண்டுகள். தச்சரிடம் சொல்லி இரண்டடிக்கு நாலடி, நாலங்குல ஆழத்தில் மரச் சட்டம் அடித்து, பின்புறம் கொசுவலை, முன்புறம் காற்றுப் புகும் துணி போட்டு, உள்ளே வேஸ்ட்டை நிரப்புங்கள். வாயை வைத்து ஊதினால் துணி வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாத துணி ஒலியையும் உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும். ரெக்சின், பிளாஸ்டிக் உறை எல்லாம் கூடாது. வேஸ்ட்டை அமுக்கித் திணிக்கவும் வேண்டாம், தொளதொளவென்று விட்டால் ஒரு மாதத்தில் கீழே இறங்கி மேலே வெற்றிடமாகிவிடும். குறுக்கே இரண்டு மூன்று கயிறு கட்டி அடுக்கடுக்காக நிரப்புவது நல்லது.

சுவரோடு ஒட்டி ஆணி அடிக்காமல், நாலங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் அதே பலகை இன்னும் கீழ்ச் சுரங்கள் வரை பிடிக்கும். நான்கைந்து பலகை போதும். பருத்தி தீப்பிடிக்கும் சரக்கு. சுவிட்ச் போர்டு, வயர், ஊதுபத்தி பக்கம் வைக்காதீர்கள். கண்ணாடி நாரில் செய்தால் அந்தப் பயம் குறைவு, ஆனால் கையில் உறையும் முகத்தில் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது.

பொள்ளாச்சிக்காற்று:

தென்னை நாரை மறந்துவிட்டீர்களே. அதுவும் நார்தான், தடிமனாக வைத்தால் ஒலியை வாங்கும். பழைய நார் மெத்தை வீட்டில் இருந்தால் மூலையில் நிமிர்த்திச் சாய்த்துவையுங்கள். மூலையில்தான் கீழ்ச் சுரங்கள் வந்து தேங்கும்.

பவானி_கலா:

நான் பாடுகிற ஆள். கணக்கெல்லாம் சரி, ஆனால் ஓர் எச்சரிக்கை. மெத்தையும் பலகையுமாக அறையை முழுக்க அடைத்துவிட்டால் பாடுகிறவருக்குத் தன் குரலே காதில் விழாது. விழாதபோது கத்துவோம். கத்தினால் சுருதி ஏறும், தொண்டை இறுகும், நிதானமாகப் பாட வேண்டிய இடமெல்லாம் முரட்டுத்தனமாகிவிடும். எதிரொலியே இல்லாத அறை பதிவுக்கு நல்லது என்று பேசுகிறவர்கள் அதில் நின்று ஒரு சரணம் பாடிப் பார்க்க வேண்டும்.

எல்லாச் சுவரையும் மூடாதீர்கள். கார்டியாய்டு மைக் முன்னால் வருவதை நன்றாக எடுக்கும், முதுகுப் பக்கம் வருவதை ஒதுக்கும். அதனால் மைக்கின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைவிட, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் மைக்குக்கு நேராகத் தெரிவது. அங்கே துணி வேண்டும். பலரும் எதிர்ச் சுவரில் மெத்தை மாட்டிவிட்டு, தங்கள் பின்னால் மொட்டைச் சுவரை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் ஜமக்காளத்தைப் பின்னால் தொங்கவிடுகிறேன். தட்டையான நெசவு, மெலிந்தது. சுவரோடு ஒட்டினால் பயன் குறைவு. கொடி கட்டி, சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி, இரண்டாக மடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் குரலில் காதைக் கூசவைக்கும் அந்த எதிரொலி போய்விடும். சென்னிமலைப் போர்வை இன்னும் தடிமன். தரைக்கு ஒன்று விரித்துவிடுங்கள், டைல்ஸ் பெரிய வில்லன்.

சோமனூரான்:

அக்கா, என் பின்னால் இருப்பது இரும்பு பீரோ!

பவானி_கலா:

பாடுவதற்கு முன் அதன் கதவில் கையை வைத்து ஐந்தாவது கம்பியை மீட்டச் சொல்லிப் பாருங்கள். அதிரும். திசையை மாற்றிக் கட்டில் பக்கம் முதுகு வைத்து உட்காருங்கள். மெத்தை இருக்கிற பக்கம் அது.

மின்கம்பி:

எல்லாரும் உறிஞ்சுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். தறிச் சத்தம் அதனால் போகாது என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. அறைக்குள் பிறக்கும் ஒலி அலைந்து திரியாமல் பஞ்சு பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கக் கனம் வேண்டும்: செங்கல், கான்கிரீட், தடித்த கண்ணாடி. கூடவே இடுக்கே இல்லாத அடைப்பும் வேண்டும். கதவுக்கு அடியில் அரை அங்குலச் சந்து இருந்தால் தடித்த சுவர் இருந்தும் பயனில்லை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும் கதவு நிலையிலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். 'சடக் சடக்' என்ற கூர்மை குறையும். அடியில் ஓடும் 'தட தட' குறையாது. அதைத் தடுக்க வேண்டுமானால் அறைக்குள் இன்னோர் அறை கட்ட வேண்டும். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மேசை வழியாக ஏறும் அதிர்வைத் தவிர்க்கலாம். மைக்கை மேசையிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் நாலாக மடித்த துணி. மடிக்கணினியை மைக்கின் முதுகுப் பக்கம் முடிந்த அளவு தள்ளி வையுங்கள், அதன் விசிறிச் சத்தம் உங்கள் பதிவில் சன்னமாகக் கேட்கிறது.

ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கும் வசதியை வைத்துத் தறியை அழிக்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வசதி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான்: விசிறி, ஏசி, மைக்கின் 'ஸ்ஸ்'. தறி விட்டுவிட்டு அடிக்கிறது. அதை அழிக்க முயன்றால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதாக ஆகிவிடும்.

உங்கள் பதிவில் இன்னொன்றும் இருக்கிறது, 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்', அதன் மடங்குகளான 100, 150 உட்பட. நம் மின்சாரத்தின் அலைவு அது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். மறைந்தால் சார்ஜர்தான் காரணம். மறையாவிட்டால் பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். சத்தத்துக்காக மூன்றாவது பின்னை உடைத்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, உயிருக்கு உலை.

நொய்யல்கரை:

தறிக்கு ஒரு வழி இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை! எந்தத் துணைமின் நிலையத்துக்கு எந்த நாள் என்று பத்திரிகையில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். சோமனூர் முழுக்கத் தறி நிற்கும், பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நிற்கும், போர் மோட்டார் நிற்கும், மின்கம்பி சொன்ன 50 ஹெர்ட்ஸும் இருக்காது. யூஎஸ்பி மைக்குக்கு மடிக்கணினிப் பேட்டரியே போதும். வீட்டு இன்வெர்ட்டரையும் அந்த நேரம் அணைத்துவையுங்கள், சில இன்வெர்ட்டர்கள் மின்வாரியத்தைவிட மோசமாக இரையும்.

எங்கள் பகுதியில் உடுக்கடிப் பாட்டுக்காரர் ஒருவரை அப்படித்தான் பதிவு செய்து கொடுத்தேன். ஊரே அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொள்ளாச்சிக்காற்று:

எதற்கு மின்தடைக்குக் காத்திருக்க வேண்டும்? எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு வாருங்கள். மண் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு பக்கம் தேங்காய் மூட்டை. சுவரும் கூரையும் சாய்வு, எதிரெதிரே சமமான பரப்பே இல்லை. கைதட்டினால் 'டிர்ர்' வராது. அந்த அறையில் கிட்டார் எவ்வளவு அழகாகக் கேட்கிறது தெரியுமா.

பவானி_கலா:

மயில்?

பொள்ளாச்சிக்காற்று:

மயில் இருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் அகவும். உச்சி வெயிலில் அடங்கிவிடும். ஆடி மாதம் மட்டும் வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டுச் சந்தில் புகுந்து ஊளையிடும்.

சோமனூரான்:

எல்லாருக்கும் நன்றி. நாற்காலியை மூலைப் பக்கம் நகர்த்தி, கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கம்பி வீக்கம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது, நம்பவே முடியவில்லை. மைக்கை அரையடிக்குக் கொண்டுவந்ததில் குரல் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இப்போது கிட்டார் தூரமாகிவிட்டது. மைக்கைக் கீழே இறக்கினால் குரல் போகிறது. 'ப', 'க' வரும் இடத்தில் காற்று வேறு 'புஸ்' என்று அடிக்கிறது. இரண்டாவது மைக் வாங்கி ஒன்றைக் குரலுக்கும் ஒன்றைக் கிட்டாருக்கும் வைக்கலாமா?

கோபி_கிட்டார்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது என் துறை. கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு மைக் வைப்பது கேட்க நன்றாக இருக்கும், செய்தால் தலைவலி. உங்கள் வாய்க்கும் கிட்டாருக்கும் இடையே ஒன்றரை அடிதான். குரல் தன் மைக்கில் முதலில் விழுந்து, கிட்டார் மைக்கில் சற்றுத் தாமதமாக மறுபடியும் விழும். இரண்டையும் கலந்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 17 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் என்றால் அரை மில்லி நொடித் தாமதம். 1 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஓட்டை விழும், அதற்கு மேலும் வரிசையாக ஓட்டைகள். குரல் தகர டப்பாவில் அடைத்ததாகிவிடும். இரு மைக்குகளுக்கு இடையேயான தூரம், மைக்குக்கும் அதன் மூலத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. உட்கார்ந்து வாசித்துப் பாடும் ஒருவரிடம் அதைக் கடைப்பிடிக்க இடமே இல்லை. முன்னும் பின்னும் மட்டும் ஒலியை எடுக்கும் 'எட்டு வடிவ' மைக் இரண்டு இருந்தால் அதன் பக்கவாட்டுச் செவிட்டுப் பகுதியை வைத்துச் சமாளிக்கலாம், அது உங்கள் 15,000 ரூபாய்க்குள் அடங்குவது கஷ்டம்.

தனித்தனியாக எடுங்கள்.

ஈரோட்டுக்குயில்:

தனித்தனியாக எடுத்தால் உயிர் போய்விடும். பாடிக்கொண்டே வாசிக்கும்போது ஒரு வரியை இழுத்தால் கை தானாகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் பாட்டு. 'டிக் டிக்' என்று தாளம் எண்ணும் மெட்ரோனோம் வைத்து எடுத்தவை எல்லாம் ஒரே மாதிரி கேட்கின்றன.

கோபி_கிட்டார்:

ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மெட்ரோனோம் வேண்டியதில்லை. முதலில் இரண்டும் சேர்ந்து, வழக்கம் போல இழுத்தும் நிறுத்தியும் ஒரு டேக் எடுங்கள். தரம் பற்றிக் கவலை வேண்டாம், அது வழிகாட்டி மட்டும். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கிட்டாரை மட்டும் வாசித்துப் பதியுங்கள். உங்கள் குரல் எங்கே இழுத்ததோ அங்கே கை காத்திருக்கும். பிறகு அந்தக் கிட்டாரைக் கேட்டுக்கொண்டே குரல். வழிகாட்டியை அழித்துவிடுங்கள். உங்கள் நடைதான் பதிவில் நிற்கும்.

ஹெட்போன் காதை மூடுகிற வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் கசியும் ஒலி மைக்கில் விழும். யூஎஸ்பி மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் செருகுங்கள், உங்கள் குரல் தாமதமின்றிக் கேட்கும். மடிக்கணினியில் செருகிக் கேட்டால் குரல் பின்தங்கி வந்து பைத்தியம் பிடிக்கும். அடுக்கிய டிராக்குகள் ஒன்றுக்கொன்று தள்ளி நின்றால் ஆடாசிட்டியில் அந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் இடம் இருக்கிறது. ஹெட்போனை மைக்கோடு ஒட்டிவைத்து 'டிக்' ஒன்றைப் பதிந்து, எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

கிட்டாருக்கு மைக்: நடுத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். அங்கிருந்துதான் காற்று 'தொம்' என்று வெளியேறுகிறது. கழுத்து உடம்போடு சேரும் இடம், 12 அல்லது 14-ஆவது ஃபிரெட், அதற்கு எதிரே 20 முதல் 30 சென்டிமீட்டரில் வைத்து, மைக்கின் முகத்தைத் துளைப் பக்கம் லேசாகத் திருப்புங்கள். ஒரு கையால் மீட்டிக்கொண்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஈக்யூவில், அதாவது கீழ்ச் சுரம் மேல்சுரம் என்று பிரித்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியில், உழல்வதைவிட இரண்டு அங்குலம் நகர்வது மேல்.

கம்பி எப்போது மாற்றினீர்கள்? மாதிரியில் மேல்கம்பிகள் மங்கிக் கேட்கின்றன. பழைய கம்பிக்கு எந்த மைக்கும் பளபளப்புக் கொடுக்காது. மாற்றிய கையோடு பதிவுக்கு உட்காராதீர்கள், இழுத்து இழுத்து விட்டுச் சுருதி நிலைத்த பிறகு எடுங்கள். 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பும் சுரமும் ஒன்றா என்று டியூனரில் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் கழுத்தின் மேல்பகுதியில் கரகரக்கும்.

பவானி_கலா:

'புஸ்'ஸுக்கு மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரமாக, 30 டிகிரி திருப்பி வையுங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் மைக்கில் விழும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டி நாலு விரற்கடை முன்னால் நிறுத்தினால் அதுவே பாப் ஃபில்டர். மிக நெருங்கிவிடவும் வேண்டாம். கார்டியாய்டு மைக்கில் இரண்டு அங்குலத்துக்குள் வந்தால் குரல் தேவையில்லாமல் தடிக்கும். ஹெட்போனில் ஒரு காதை வெளியே விட்டுப் பாடுங்கள், சுருதி விலகாது. தாகம் எடுப்பதற்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீர். வாய் உலர்ந்தால் சொல்லுக்குச் சொல் 'டக் டக்' என்று உதடு பிரியும் சத்தம் விழும், அதை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது.

மின்கம்பி:

லெவல் பற்றி. உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் இருக்கட்டும். சிவப்பைத் தொடும் வரை ஏற்ற வேண்டும் என்பது டேப் காலத்துப் பழக்கம். மைக் 24 பிட் கொடுக்குமானால் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. 16 பிட்டிலேயே 96. உடைந்த பதிவை ஒட்ட முடியாது, மெல்லிய பதிவைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் மைக்குக்கான தானியங்கி மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சரணத்துக்குச் சரணம் ஒலியளவு தானாக ஏறி இறங்குவது அவற்றால்தான்.

சோமனூரான்:

கலப்பது பற்றியும் சொல்லிவிடுங்கள். ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் எல்லாம் எவ்வளவு?

நொய்யல்கரை:

நல்ல பதிவுக்கு அதில் அதிக வேலை இல்லை. குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அங்கே தறியின் 'தட தட' தவிர ஒன்றும் இல்லை. கிட்டாரில் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், அதனால் 70-க்குக் கீழே வெட்டினால் போதும். 200 முதல் 300 வரை கிட்டாரை இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் குரலுக்கு இடம் கிடைக்கும். பலமான இடங்களை அமுக்கும் கம்ப்ரசர் 3:1, அந்த இடங்களில் 4 முதல் 6 டெசிபல் இறங்கினால் போதும். ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி, கேட்கும் வரை ஏற்றுங்கள், கேட்டதும் கொஞ்சம் இறக்குங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும் முன்னும் பின்னும் ஒரே ஒலியளவில் வைத்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடியது எதுவும் நன்றாக இருப்பதாகத்தான் காதுக்குத் தோன்றும். எங்கள் தனியார் பஸ்களில் பாட்டுப் போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்தே பயணிகளை வதைக்கிறார்கள். முடிந்த பாட்டைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (முழுப் பாட்டின் சராசரிச் சத்தத்தைக் காட்டும் அளவு) அளவில், உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டாமல் ஏற்றுமதி செய்யுங்கள். அதைவிடச் சத்தமாக ஏற்றினால் இணையத் தளங்கள் தாங்களே இறக்கிவிடும்.

சோமனூரான்:

பூம் ஸ்டாண்டு, காதை மூடும் ஹெட்போன், ஒரு செட் கம்பி வாங்கிவிட்டேன். சென்னிமலைப் போர்வை இரண்டு வீட்டிலேயே இருந்தது. பலகைக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், மரச் சட்டத்தைப் பார்த்து ஜன்னலா என்று கேட்டார். மீதிப் பணம் இருக்கிறது. கோபி அண்ணா சொன்னபடி வழிகாட்டி டேக் வைத்து எடுத்த புதிய மாதிரியை இணைத்திருக்கிறேன்.

ஈரோட்டுக்குயில்:

மீதிப் பணத்தில் எஸ்எம்58.

கோபி_கிட்டார்:

கிட்டார் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன் கம்பியில் விரல் இழுபடும் 'கீச்' ஒன்று பெரிதாகக் கேட்கிறது. மைக்கை இன்னும் ஓரங்குலம் துளைப் பக்கம் நகர்த்தினால் குறையும்.

பவானி_கலா:

குரல் அருமை தம்பி. 'ச' வரும் இடங்கள் மட்டும் காதைக் குத்துகின்றன. மைக்கை மூக்கு உயரத்துக்கு ஏற்றிக் கீழ்நோக்கிச் சாய்த்துவைத்து அந்த வரிகளை மட்டும் மறுபடி பாடுங்கள். முகத்தை நிமிர்த்த வேண்டாம், தொண்டை இறுகும்.

நொய்யல்கரை:

பல்லவியில் தறி கேட்கிறது. வரும் புதன்கிழமை உங்கள் பகுதிக்கு மின்தடை என்று இன்றைய பத்திரிகையில் இருக்கிறது. செவ்வாய் இரவே மடிக்கணினியை முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள், திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்தால் இன்னும் நேரம் வரும். கிட்டாரை முதலில் எடுத்துவிடுங்கள். வெயில் ஏற ஏற, மின்விசிறி இல்லாத அறையில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். குரலை அதன் பிறகு எடுக்கலாம்.

சோமனூரான்:

புதன்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டேன் அண்ணா.